போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்

19.7.2004, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. இவர் போர்வைக்குள் இருந்துகொண்டு, ரப்பர் மரத்துக்கும் ஓய்வு வேண்டாமா என்று தத்துவம் பேசுகிறார். எனக்கு ஓய்வு கிடையாது. வேலை இல்லாத நாளில் தாய்மார் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் லயத்து வீட்டு வரிசையைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பிள்ளைக் காம்பராவில் தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். ஆயா நான் ஒருத்தி. ஆறு தொட்டில், ஒரே ஒப்பாரி.

மத்தியானம் அக்காவிடமிருந்து கடிதம். உள்ளே மஞ்சள் தடவிய பத்திரிகை. சுதாவுக்குக் கல்யாணம், ஆகஸ்ட் 27, கோத்தகிரியில். இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி அக்காவை இந்தியாவுக்குக் கப்பலேற்றியபோது வயிற்றில் இருந்தது. அதற்குக் கல்யாணமாம்.

கடைசி வரி: "உன்னால் வர முடியாது என்று தெரியும். முறைக்கு அனுப்புகிறேன்."

அந்த வரியைப் படித்ததும் சுர்ரென்று ஏறியது. ஏன் முடியாது? போன வருஷம் சட்டம் வந்து, எந்த நாட்டுக் கணக்கிலும் சேராமல் கிடந்த நாங்களும் இலங்கைப் பிரஜைகள் ஆகிவிட்டோம். அடையாள அட்டை எடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று, எனக்கும் இவருக்கும். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், போகலாம் என்று இருந்தாலே போதும் என்று சொல்லி வைத்தேன். இரண்டும் தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் சும்மா கிடக்கின்றன.

இரவு இவரிடம் சொன்னேன். போவோம். அக்கா முகத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணத்தில் நின்று, சாப்பிட்டு, திரும்பி வருவோம். மகனைக் கொழுந்தனார் வீட்டில் விடலாம், டிசம்பரில் அவனுக்கு ஓ.எல். பரீட்சை.

இவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பிளேன்ல சோறு குடுப்பாங்களா?" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

21.7, புதன்

மாவனல்லை. கரவனெல்லயிலிருந்து பஸ், நின்றுகொண்டே. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று முன்னால் போகச் சொல்லி முதுகில் தள்ளித் தள்ளி எங்களை டிரைவர் மடியில் உட்கார வைக்கப் பார்த்தான்.

கடைவீதியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. இந்த வட்டாரத்தில் பாதிப் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்தார். "பாஸ்போட் ஈக்கா?" என்றார். இருக்கிறது என்று நான் எடுத்து வைத்த வேகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

வேண்டியவை:

பா.போ. இரண்டு (இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், செல்லும்)
படம்
பத்திரிகை, அக்காவின் அழைப்புக் கடிதம், அவள் ரேஷன் கார்டுப் பிரதி
தோட்டத்துக் கடிதம். இன்ன வேலை, லீவு கொடுத்திருக்கிறோம், திரும்பி வந்து வேலையில் நிற்பார்கள் என்று
போக டிக்கெட், வர டிக்கெட், இரண்டும்
விசா கண்டியில்

இதெல்லாம் எதற்கு நானா என்று கேட்டேன். "அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான் தங்கச்சி. நீங்க திரும்பி வருவீங்களா இல்லையா? மத்ததெல்லாம் அதுக்குத்தான்."

படிவத்தில் எந்த வகை விசா என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று நிரப்பினார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றுலாப் பயணி என்றால் பின்னவலயில் யானை குளிப்பதைப் பார்க்கத் தொப்பியும் அரைக்காற்சட்டையுமாக வரும் வெள்ளைக்காரன் என்றுதான் இவர் நினைப்பு. திரும்பி வரும் வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். இருக்கிற ஒரே நல்ல காற்சட்டையில் ரப்பர் பால் கறை. முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும்.

24.7, சனி

மழை விட்டது. பால் வெட்டு உண்டு.

தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஐயா நல்ல மனுஷர், பழைய ஆள். நாங்களும் இந்தியாவுக்குப் போகிறோம், ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ரெண்டு பேருமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகனுக்கு டிசம்பரில் பரீட்சை, அவன் இப்போது வரவில்லை என்றேன். எப்போது என்றார். ஆகஸ்ட் இருபதுக்கு மேல் என்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று போன மாதமே சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

"போயி நல்லா இருங்கம்மா. செய்ய வேண்டியது எல்லாத்தையும் நான் செஞ்சு வைக்கிறேன்."

இவ்வளவு சுலபமா என்று துள்ளிக்கொண்டு வந்தேன்.

27.7, செவ்வாய்

லயத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. நேற்று பக்கத்துக் காம்பரா லெட்சுமியக்கா கோழிக் குழம்பு கொண்டுவந்தாள். தைப்பொங்கலுக்குக்கூட ஒரு துண்டு கரும்புக்கு மேல் கொடுக்காத கை. இன்று காலை மேல் லயத்திலிருந்து இடியாப்பமும் சொதியும். மத்தியானம் சாமியம்மா வீட்டிலிருந்து கருவாட்டுத் தொக்கு. நாளைக்கு உலை வைக்காதே, எங்கள் முறை என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். என்ன முறை?

நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை எல்லாருக்கும். குழந்தைகளைக் கூட்டிப் போக வரும் தாய்மார் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சின்னராசு பெண்டாட்டி அழுதேவிட்டாள். போன மாதம் அவள் பிள்ளைக்குப் பேன் சீப்பு வாங்கச் சொன்னதற்கு என்னோடு சண்டை போட்டவள்.

இவரைக் கேட்டேன், ஏன் இப்படி என்று. கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, "மனுஷருக்கு நல்ல புத்தி வந்தா வேணாம்னு சொல்லலாமா?" என்றார்.

29.7, வியாழன்

இன்றைக்குத்தான் விளங்கியது.

பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், கங்காணி எங்கள் வாசலில் நிற்கிறார். கையில் கயிறு. உள் அறையின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறார். மகனுக்குப் புரட்டாசி தாண்டிக் கல்யாணம் வைத்திருக்கிறாராம். கட்டில் போட இடம் பற்றுமா என்று பார்த்தாராம். அம்மியையும் விட்டுவிட்டுப் போவீர்கள்தானே என்றார்.

எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"இந்தியாவுக்குத்தானேம்மா. தோட்டமே பேசிக்கிட்டு இருக்கு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கோழிக் குழம்பு, தொக்கு, முறை, கண்ணீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் பயணப்பட்டால், போகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. லயத்தில் ஆளுக்கொரு வேளை சோறு கொடுப்பார்கள். அக்காவுக்கும் கொடுத்தார்கள். அப்போது நான் சின்னப் பெண், எனக்குக் கிடைத்த சோற்றின் ருசி மட்டும்தான் ஞாபகம். சட்டி பானையைப் பங்கு போடுவார்கள், கோழியைப் பிடித்துக் கொடுப்பார்கள், ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிடுவார்கள். அவ்வளவுதான். போனவர் போனவர்தான். கடிதம் வரும், ஆள் வராது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் போய்விட்டு வருகிறோம் என்பது அவர்கள் காதில் எப்படி ஏறும்? எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கங்காணியிடம் கயிற்றைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். பாவம், பெரிய மனுஷர். நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கூத்து, இவருக்கு முந்தாநாளே தெரியுமாம். பால் நிறுக்கிற இடத்தில் யாரோ சொன்னார்களாம். ஏன் மறுக்கவில்லை என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டு முறை, அவர்கள் ஆட்டுக்கறி ஆக்குவார்கள் என்று காத்திருந்தாராம்.

30.7, வெள்ளி

சிரிக்கிற காரியம் இல்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் இல்லை. இவர் பெயரும் இல்லை. ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் ஐயா பெருமையாக எடுத்துக் காட்டினார்: நேற்றோடு எங்கள் இருவர் பெயரையும் வெட்டி, சேவைக்காலப் பணத்துக்கு எழுதி, காம்பராவைக் கங்காணிக்குக் கொடுத்து, பிள்ளைக் காம்பராவுக்கு லெட்சுமியக்கா மருமகளை ஆயாவாகப் போட்டு, எல்லாம் முடிந்தது. எண்பதுகளில் இந்தியாப் பயணக்காரர்களின் கடதாசியெல்லாம் பார்த்தது இவர்தான். ஒரு குடும்பமும் அலையக் கூடாது என்று அன்றைக்கும் இப்படித்தான் முந்திக்கொண்டு செய்வாராம்.

ஐயா, நாங்கள் கல்யாணத்துக்குப் போகிறோம் என்றேன். திரும்பி வருகிறோம் என்றேன். அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "இந்தியாவுக்குப் போயிட்டா?" என்று கேட்டார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வேலையில் இருக்கிறார்கள் என்று கடிதம் வேண்டும். ஆனால் வேலையே இல்லை. கடிதம் இல்லாமல் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை, இருந்த வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. ஊரார் எல்லாரும் அன்பாகச் சேர்ந்து எங்களை நடுத்தெருவில் விட்டிருக்கிறார்கள். யாரைத் திட்டுவது?

லெட்சுமியக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பேசவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று யாரும் சோறு கொண்டுவரவில்லை. அடுப்பை நானே பற்ற வைத்தேன். இவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஆட்டுக்கறியை நினைத்துத்தான்.

2.8, திங்கள்

தோட்டத்து மானேஜர் துரையைப் பார்க்கக் காலையிலேயே ஆபீஸ் வாசலில். இவர் வர மாட்டேன் என்றார், துரைக்கு முன்னால் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் மட்டும்.

துரை மாத்தயா புதியவர், இளம் வயது, காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். எல்லாவற்றையும் சிங்களத்திலேயே சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். சிங்களத்தில் எனக்கு அழ வராது, சண்டைதான் வரும். கல்யாணம், அக்கா, கோழிக் குழம்பு, கங்காணியின் கயிறு, பெயர் வெட்டியது. கயிறு வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு மெதுவாக, இங்கிருந்து அங்கே போனவர்கள் ஏன் ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டார். ஏசவில்லை. வெட்டியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, கடிதத்தைத் தானே சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்தார். லீவு, திரும்பும் நாள், கீழே பெரிய கையெழுத்து, தோட்டத்து முத்திரை.

வெளியே வந்ததும் ஐயா என் பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காதம்மா. எத்தனையோ பேருக்கு எழுதினேன். திரும்பி வாரதுக்கு எழுதி எனக்குப் பழக்கமில்ல." அவர் காலில் விழப் பார்த்தேன், விடவில்லை. அவருக்குக் கண்ணில் இருப்பது பூ மட்டும் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

5.8, வியாழன்

டிக்கெட் வந்தது. கொழும்பு–திருச்சி, திருச்சி–கொழும்பு. என் சீட்டுப் பணம் மொத்தமும் அதற்குள். போகட்டும்.

பிள்ளைக் காம்பராவுக்கு எடுத்துப் போனேன். தாய்மார் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதல் தாளைக் காட்டினேன், இது போக. இரண்டாவது தாளைக் காட்டினேன், இது வர. சாமியம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டாவது தாளை மட்டும் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

லெட்சுமியக்காவும் வந்திருந்தாள், கடைசியில் நின்றாள். எல்லாரும் போன பிறகு, "அப்ப எங்க கோழிய திருப்பிக் குடு," என்றாள். இரண்டு பேரும் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பிள்ளைகள் விழித்து, எல்லாம் ஒரே அழுகை. மருமகளுக்கு வேலை போய்விட்டதே என்று கவலைப்பட்டேன். நான் வருகிற வரைக்கும் அவளே பார்க்கட்டும் என்று துரையிடம் சொல்லலாம். சம்பளமும் கிடைக்கும், சண்டையும் தீரும்.

9.8, திங்கள்

கண்டி. விசா ஆபீஸ். விடியுமுன் புறப்பட்டும் வரிசை தெரு வரைக்கும். பெரும்பாலும் புடவை வியாபாரிகள், புத்தகயா போகும் சிங்களப் பெரியவர்கள், வெள்ளைச் சேலை, கையில் பிளாஸ்க். எனக்கு முன்னால் ஒரு அம்மா, மகள் மாதிரி என்னைக் கூடவே வைத்துக்கொண்டு பாண் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். இவர் காற்சட்டையில் கறை இருந்த இடத்தைப் பத்திரிகைக் கவரால் மறைத்தபடி நின்றார்.

உள்ளே ஓர் அதிகாரி, தமிழ்நாட்டுக்காரர், மீசை. கடதாசியெல்லாம் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன. பிறகு இவரைப் பார்த்து, இந்தியாவுக்குப் போனதுண்டா, போகப்போவது எப்படித் தோன்றுகிறது என்று சும்மா கேட்டார்.

எல்லாரையும் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பது இவர் பிறவிக் குணம். "நம்ம ஊருதானே சார். பாத்துட்டா வரவே மனசு வராதுன்னு சொல்லுவாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

எங்களுக்குத் தோட்டத்தில் நிலம் உண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை. வீடு? தோட்டத்தினுடையது. பாங்கில்? கொஞ்சம். பிள்ளை? ஒரு மகன், டிசம்பரில் பரீட்சை. அவனும் பரீட்சை முடிந்து பின்னால் அங்கே வந்துவிடலாமே? அவர் கேட்பதில் பிழையில்லை. சொத்து என்று காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது?

"அப்ப நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் எத வச்சும்மா நம்புறது?"

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த நாட்டுப் பிரஜைன்னு ஒரு கடுதாசிக்காக வரிசையில நின்னோம். போன வருஷந்தான் கையில கெடச்சிச்சு. அத விட்டுட்டு அங்க போயி, திரும்ப மொதல்ல இருந்து வரிசையில நிக்கச் சொல்றீங்களா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். பேனாவை எடுத்தார். புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். "கல்யாணத்துல நல்லா சாப்பிடுங்க," என்று இவரிடம் மட்டும் சொன்னார். அவருக்கு அதற்குள் இவரைப் புரிந்துவிட்டது.

வெளியே வந்து குளக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இவரைத் திட்டினேன். இவர் கடலை வாங்கிக் கொடுத்தார்.

11.8, புதன்

கிடைத்தது. கிடைத்தது. கிடைத்தது.

பா.போ.வைப் பஸ்ஸில் பத்துத் தரமாவது திறந்து பார்த்திருப்பேன். பக்கம் முழுக்க ஒட்டியிருக்கிறது. பெயர், நாள், 'சுற்றுலா'. மாவனல்லையில் இறங்கி நானாவிடம் காட்டினோம். மஸ்கட் அல்வா கொடுத்தார், அல்லாவின் பெயரைச் சொல்லி இவர் முதுகில் தட்டினார். சந்தோஷத்தில் இவர் கறுப்புக் கண்ணாடி வாங்கியேவிட்டார். நானும் திட்டவில்லை.

14.8, சனி

நல்ல வெயில். லயத்தில் இப்போது வேறு கதை. எங்களிடம் சொல்லிவிட்ட சாமான்கள்:

லெட்சுமியக்கா: நல்ல குங்குமம், நெற்றி எரியாதது
சாமியம்மா: மூட்டுவலித் தைலம்
கங்காணி: மகன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி (மன்னித்துவிட்டார்)
சின்னராசு பெண்டாட்டி: பேன் சீப்பு. வேண்டுமென்றே
கிளாக்கர் ஐயா: ஒன்றும் வேண்டாமாம். அவர் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பியவர்களில் யாரையாவது பார்த்தால் சுகம் கேட்டதாகச் சொல்ல வேண்டுமாம்
மகன்: கிரிக்கெட் மட்டை. அடி வாங்குவான்

இந்தத் தோட்டத்திலிருந்து எத்தனையோ பேரை இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வரும்போது இதை வாங்கிக்கொண்டு வா என்று யாரிடமும் யாரும் சொன்னதில்லை.

20.8, வெள்ளி

நாளைக்குப் பயணம். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். இவர் காற்சட்டையில் கறை போகவே இல்லை, கொழுந்தனாரின் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை, கடைசியில் வேட்டி. கண்ணாடி மட்டும் உண்டு.

மேஸ்திரி வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வந்தது. இது பயணச் சோறு இல்லை, சும்மா என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

22.8, ஞாயிறு. கோத்தகிரி

பிளேனில் சோறு கொடுத்தார்கள். இவர் இரண்டாம் தரமும் கேட்டார். இறங்கினால் இந்த நாட்டுக் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால். சும்மா கிடைத்த அரை மணி நேரம் என்று இவருக்கு ஒரே சந்தோஷம்.

திருச்சியில் ஒரு பெண் அதிகாரி சீல் குத்தினாள். எதற்கு வந்தீர்கள் என்றாள். கல்யாணத்துக்கு என்றேன். அவ்வளவுதான்.

பிறகு பஸ், பஸ், பஸ். மலை ஏற ஏறக் குளிர். இரு பக்கமும் தேயிலை. நிறுத்தத்தில் ஓர் அம்மா நரைத்த தலையோடு நின்றாள். யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போனேன். "மணி" என்று கூப்பிட்டாள். குரல் மட்டும் மாறவே இல்லை.

எழுத முடியவில்லை. நாளைக்கு.

23.8, திங்கள்

அக்கா மெலிந்திருக்கிறாள். பல் இரண்டு இல்லை. சிரிப்பு அப்படியே. இரவு முழுக்கப் பேசி இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. இவரும் அத்தானும் ஒருவருக்கொருவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இவர்கள் தெருவில் எல்லாம் நம் பக்கத்துச் சனம். நாவலப்பிட்டி, பதுளை, இரத்தினபுரி. 'சிலோன் லயம்' என்றுதான் சொல்கிறார்கள். ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வீட்டுக்கு வீடு வந்து பார்க்கிறார்கள். இறக்குவானையிலிருந்து வந்த ஒரு தாத்தா என் கையைத் தொட்டுவிட்டு, "நெசமாவே அங்கருந்தா? நீ திரும்பிப் போவியா?" என்றார். டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் மகனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கிளாக்கர் ஐயாவின் சுகம் விசாரிப்பை எங்கள் தோட்டத்திலிருந்து வந்த நாலு வீட்டில் இதுவரை சொல்லியாயிற்று. எல்லாருக்கும் அவரை ஞாபகம் இருக்கிறது.

27.8, வெள்ளி

கல்யாணம். சுதா அழகு. மாப்பிள்ளை கூச்சக்காரன். தாலி முடிச்சுக்கு நாத்தனார் வேண்டும் என்று தேட, அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போயிருந்தாள். மேளக்காரர் விடாமல் அடித்துக் களைத்துப் போனார்.

சித்தி என்ற முறையில் மேடையில் நான். புகைப்படத்தில் அக்கா தோளில் என் கை. இவர் மூன்று பந்தியிலும் உட்கார்ந்தார், ஒவ்வொன்றிலும் வேறு வேறு உறவு சொல்லி.

29.8, ஞாயிறு

தூறல். அக்காவும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நாளை மறுநாள் நாங்கள் கிளம்ப வேண்டும். அக்கா சோறு ஒட்டிய சட்டியைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உனக்குக் கொடுத்த மாதிரி அனுமதி எனக்குக் கொடுக்க மாட்டாங்கல்ல?"

எதற்கு அக்கா என்றேன்.

"அங்க வர. அம்மா அப்பாவ பொதச்ச எடத்தைப் பாக்க. கப்பல்ல ஏத்தும்போது கையெழுத்து வாங்கினாங்களே. இனிமே இந்த மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னு."

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள். இந்தத் தெருவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. போனவர் ஒருவரும் ஏன் வரவில்லை என்று துரை கேட்டதற்கு இதுதான் பதில். அங்கே நாங்கள் இவர்கள் வர மாட்டார்கள் என்று இருந்தோம். இங்கே இவர்கள் வரக் கூடாது என்று இருந்தார்கள்.

எனக்கும் சரியாகத் தெரியாது. கையைக்கூடத் துடைக்காமல் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனேன். அக்காவும் பின்னாலேயே, நனைந்துகொண்டு. மாவனல்லை நானாவுக்கு அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. திரும்ப. கிடைத்தது. அக்கா இப்போது இந்தியக்காரி, இலங்கைக்கு வர என்ன விசா எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

நானா சிரித்தார். "அவங்களுக்கு ஒண்டும் எடுக்க வாணாம் தங்கச்சி. பாஸ்போட்டும் போக வர டிக்கெட்டும் ஈந்தா போதும். கட்டுநாயக்கா ஏர்போட்ல எறங்கினா அங்கயே சீல் அடிப்பாங்க. ஒரு மாசம். சும்மா."

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று ரிசீவரை அக்கா காதில் வைத்தேன். அவர் திரும்பச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். முடிந்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. பூத்துக்காரன் வந்து வாங்கி வைத்தான்.

மழையிலேயே நடந்து வந்தோம். பாதி வழியில் அக்கா நின்றாள். "லயத்துல எடம் இருக்கா?" என்றாள். கங்காணி அளந்து வைத்திருக்கிறார், கட்டில் போடலாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டும்.

30.8, திங்கள்

அக்கா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க பஜாருக்குப் போய் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலை, தலையில் பூ. அடுத்த வீட்டுக்காரியும், இறக்குவானைத் தாத்தாவும் கூடப் போனார்கள், அவர்களுக்கும் வேண்டுமாம். பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது, வாயை மூடுங்கள் என்று படம் பிடிப்பவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தானாம். மூன்று தரம் எடுத்தும் அக்காவுக்கு வாய் மூடவில்லை.